டிசம்பர் முழுக்க முதல் ஷிப்டு

ஆர்கன் மூடியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனையும் எலிப் புழுக்கை வாசனையும் ஒன்றாகக் கிளம்பி மூக்கில் ஏறும். பிறகு மிதிகள் கிறீச்சிடும், காற்று நிரம்பும், அதற்கும் பிறகுதான் சுரம் வரும். கிறிஸ்துமஸ் என்றதும் மற்றவர்களுக்குக் கேக் ஞாபகம் வருகிறது. எனக்கு இந்த வாசனை ஞாபகம் வருகிறது, கூடவே ஒரு எரிச்சலும் வருகிறது. இத்தனை வருஷம் ஆகியும் அது ஆறவில்லை.

எங்கள் ஊர் வடக்குப்பட்டு கிராமத்தை ஒட்டியது. நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் வரை ஒவ்வொரு வயலாகச் சுற்றுச்சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. மீசை முளைத்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கம்பெனியின் நீலச் சட்டைக்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எங்கள் கோயிலில் (நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்) வெள்ளைக்காரர் காலத்துக் கால் ஆர்கன் ஒன்று இருந்தது. கரண்ட் இருந்தாலும் போனாலும் அதற்குக் கவலையில்லை, மிதித்துக்கொண்டே வாசிக்க வேண்டியதுதான். வாசித்தவர் ஐயரம்மா. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் போதகரை "ஐயர்" என்பார்கள், அவர் மனைவியை "ஐயரம்மா" என்பார்கள். இந்த ஐயரம்மா திருநெல்வேலிக்காரர், நாலு குரல் பாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்த முதல் கிறிஸ்துமஸில், மொத்தக் கோயிலும் ஒரே பாட்டை ஆளுக்கொரு வேகத்தில் கத்தியதைக் கேட்டுவிட்டு, ஆர்கன் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அந்த அவமானத்துக்குப் பரிகாரமாகத்தான் அவர் ஒரு பழைய பாட்டைக் கொண்டுவந்தார். எந்த நாட்டு மடத்திலோ எந்தக் காலத்திலோ சாமியார்கள் பாடியதாம், யாரோ தமிழ் வார்த்தை போட்டிருந்தார்கள். அதில் எல்லோரும் ஒன்றாக ஆரம்பிக்கக் கூடாது. குழந்தை பிறந்த செய்தியை முதலில் ஆண்களின் அடிக்குரலான பேஸ் ரகசியம் போலச் சொல்லும். அதைக் கேட்டு ஆண்களின் மேல்குரலான டெனர் சொல்லும். டெனர் முடிக்கிற இடத்தில் பெண்களின் தணிந்த குரலான ஆல்டோ நுழையும். கடைசியில்தான் பெண்களின் உச்சக்குரலான சொப்ரானோ ராகத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். அப்போதுதான் பாட்டு முழுசாகும் என்றார் ஐயரம்மா.

என் குரல் தடித்த குரல், அதனால் என்னை ஆல்டோவில் போட்டார்கள். ஆல்டோவுக்குப் பெரிதாக ராகம் என்று எதுவும் கிடையாது, ஒரே சுரத்தில் நின்றுகொண்டு எப்போதாவது ஒரு படி ஏறி ஒரு படி இறங்க வேண்டும். வீட்டில் பாடிப் பார்த்தால், பக்கத்து வீட்டு சரோஜா அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, "இன்னாடி பாட்டு இது, பஸ்ஸுக்கு நின்னுகினு கீற மாதிரி ஒரே எடத்துல நிக்குது?" என்பார். எனக்கு அழுகையாக வரும். இதைவிடக் கொடுமை, பயிற்சியில் சொப்ரானோ பாடும்போது ஆல்டோக்காரிகள் எல்லோரும் அந்தப் பக்கத்துக் காதில் விரலை விட்டுக்கொள்ள வேண்டும் என்பது. இல்லாவிட்டால் ராகம் இழுத்துக்கொண்டு போய்விடும். நான் லேசாக விரலை எடுத்தால் போதும், அடுத்த நிமிஷம் சொப்ரானோவோடு சேர்ந்து பறந்துகொண்டிருப்பேன். "ஏட்டி, காதப் பொத்து!" என்று ஆர்கனுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். "பண்டிகைக்குள்ள ஒங்க கொரலு அசையாம நின்னுரும். அன்னைக்கு வெரல எடுத்துட்டுப் பாடு, முழுப் பாட்டையும் கேளு."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன். நான் பிடித்து நிற்கும் இந்த ஒற்றைச் சுரத்துக்கு மேலேயும் கீழேயும் என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். பாவாடை, வளையல் எதையும் நான் அந்த அளவுக்கு விரும்பியதில்லை.

ஆனால் கேட்பதற்குப் பாட்டு கூடினால் அல்லவா? பேஸும் டெனரும் பாடவேண்டிய ஆண்கள் எல்லோரும் கார் பாகங்கள் செய்கிற ஒரே கம்பெனியில் ஒரே லைனில் இருந்தார்கள், ஷிப்டுதான் வேறு வேறு. பேஸ் வருகிற சாயங்காலம் டெனர் வேலையில் இருக்கும், டெனர் வருகிற அன்று பேஸ் நைட் ஷிப்டு முடித்து வீட்டில் குறட்டை விடும். இரண்டும் வந்த அதிசய நாளில் யாருக்காவது "ஓ.டி." விழும். இப்படியே இரண்டு கிறிஸ்துமஸ் பாட்டு அரங்கேறாமலேயே போயின. அப்பாவைக் கேட்கவே வேண்டாம், அவருக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

மூன்றாவது வருஷம் பேஸுக்குத் தலைவரான என் சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். "இன்னாத்துக்குக் கவலப்படுறீங்க ஐயரம்மா? நம்ம ஆளுங்க எல்லாரையும் ஒரே ஷிப்டுக்கு இஸ்துகினு வந்துர்றேன்." சொன்னபடியே செய்தார். டிசம்பர் குளிரில் இருட்டோடு எழுந்து முதல் ஷிப்டு பஸ்ஸைப் பிடிக்க யாருக்குத்தான் ஆசை? மற்றவர்கள் சந்தோஷமாக மாற்றிக்கொண்டார்கள். "மியூச்சுவல்" என்று பேர். டிசம்பர் முழுக்க நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் முதல் ஷிப்டு, சாயங்காலம் முழுக்கப் பயிற்சி.

அந்த மாதத்தைப் போல ஒரு மாதத்தை எங்கள் கோயில் பார்த்ததில்லை. நீலச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நிற்பார்கள். ஐயரம்மா மிதிக்கிற வேகத்தில் ஆர்கன் ஆடும். பேஸ் அசைக்க முடியாதபடி நின்றது. டெனரின் கடைசி வார்த்தையைப் பிடித்து நாங்கள் நுழைவது தூக்கத்தில்கூட வந்தது. நான் காதை அழுத்திப் பொத்திக்கொண்டு நாட்களை எண்ணினேன்.

பண்டிகைக்குச் சில நாள் முன்னால் சித்தப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "இந்த வருசம் பாருங்க அண்ணி, கோயிலே கிடுகிடுன்னு ஆடப் போவுது." மதிலுக்கு அந்தப்பக்கம் துணி பிழிந்துகொண்டிருந்த சரோஜா அக்கா சாதாரணமாகத்தான் கேட்டார்: "ஏன்ணா, அப்ப பண்டிக அன்னிக்கும் உங்களுக்குக் காலைல பஸ்ஸா?"

சித்தப்பா விரல் விட்டு நாள் எண்ணிப் பார்த்தார். டிசம்பருக்குள்தான் கிறிஸ்துமஸும் வருகிறது என்பது அந்த நிமிஷம் வரை எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்கள் ஆராதனை விடியற்காலையில். கம்பெனி பண்டிகைக்கு லீவு விடுவதில்லை, முதல் ஷிப்டு பஸ்ஸும் விடியற்காலையில். முந்தைய வருஷங்களில் ஆளுக்கொரு ஷிப்டில் சிதறிக் கிடந்ததால் பாதிப்பேராவது கோயிலில் இருந்தார்கள், மீதிப்பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ லீவும் கிடைத்தது. இந்த வருஷம் அத்தனை பேரையும் நாங்களே பொறுக்கியெடுத்து ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நாங்கள் எங்கள் சாமர்த்தியத்தால் கெட்டோம்.

சூப்பர்வைசரைப் போய்ப் பார்த்தார்கள். அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. "மொத்த லைனும் லீவு கேட்டா எப்பிடிப்பா ஓட்டுறது? ஒர்த்தருக்குன்னா தரேன், யாருன்னு நீங்களே பேசிக்குங்க" என்றாராம். சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒர்த்தன் வந்து இன்னா பண்றது? குடுத்தா எல்லாருக்கும் குடுங்க, இல்லாட்டி வாணாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ஒரு லீவை வாங்கி ஒரு டெனரையாவது அனுப்பியிருக்கலாமே என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் வெள்ளைத் தாவணியும் பாவாடையுமாக வரிசையில் நின்றோம். ஆண்கள் நிற்கவேண்டிய இடம் காலி. ஐயரம்மா அசரவில்லை, பேஸையும் டெனரையும் ஆர்கனிலேயே வாசித்துவிடுவதாகச் சொன்னார். வாசித்தார். அடிக்குரல் வந்தது, அதற்கு மேல் அடுத்த குரல் வந்தது, நாங்கள் நுழையவேண்டிய இடமும் வந்தது. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நாங்கள் பிடித்துப் பழகியது டெனரின் கடைசி வார்த்தையை. ஆர்கனில் வார்த்தை ஏது? நாங்கள் நுழைவோம் என்று சொப்ரானோ காத்திருந்தது. நான் காதிலிருந்து விரலை எடுத்துவிட்டு, அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஐயரம்மா முதலிலிருந்து மறுபடி வாசித்தார். மறுபடியும் அதே அமைதி. அவர் எங்களைத் திரும்பிப் பார்க்காமலேயே, எல்லோருக்கும் தெரிந்த வழக்கமான பண்டிகைப் பாட்டுக்கு மாறிவிட்டார். மொத்தக் கோயிலும் ஆளுக்கொரு வேகத்தில் கத்தியது. ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்கள் "பாட்டு ரொம்ப அருமை" என்று எங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என்ன குறைகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லையே என்ற கோபத்தில் நான் அன்று பிரியாணி சாப்பிடவில்லை.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். "நாங்க வுட்டோமா? பஸ்லயே பாடிட்டோம். பேஸும் டெனரும், முழுசா! டிரைவரு திரும்பிப் பாத்து, யாருப்பா செத்துட்டாங்கன்னு கேக்குறாரு." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டு அன்றைக்கு இருந்திருக்கிறது, பாதி ஒரகடம் ரோட்டில் போய்க்கொண்டிருந்திருக்கிறது, பாதி எங்கள் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

அடுத்த கோடையில் ஐயருக்கு மாற்றல் வந்தது. பாட்டுப் புத்தகம் ஐயரம்மாவுடையது, அதுவும் அவரோடு போய்விட்டது. அதன் பிறகு நாலு குரல் பற்றி யாரும் பேச்சையே எடுக்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். இப்போது கம்பெனி பண்டிகைக்கு லீவு விடுகிறது. அன்று பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் தலை நரைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்கன் இருந்த இடத்தில் கீபோர்டு, தாளம் முதற்கொண்டு அதற்குள்ளேயே இருக்கிறது. ஆர்கன் எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். சொப்ரானோ பாடிய அக்காமார் கல்யாணமாகித் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள்.

ஆராதனை முடிந்து கேக் தின்றுகொண்டிருந்தபோது சித்தப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கண்ணு, அந்தப் பாட்டு ஞாபகம் கீதா, இல்லியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடிக்குரலில் ஆரம்பித்தார். குரல் கொஞ்சமும் கெடவில்லை. என் இடம் வந்ததும் டெனரின் கடைசி வார்த்தையை அவரே எடுத்துக்கொடுத்தார், நான் நுழைந்தேன். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. சில வரிகள் போனதும் அவர் உற்சாகமாகிக் கையைக் காட்டினார். "நீ மேல ராகத்தப் பாடு, நான் அடில புடிச்சிக்கிறேன்."

பாட வாயைத் திறந்தேன். ஆல்டோதான் வந்தது.

"அது இல்ல கண்ணு. ராகம், ராகம்."

மறுபடி முயன்றேன். மறுபடியும் அதே சுரத்தில் போய் நின்றேன்.

"எனக்குத் தெரியாது சித்தப்பா" என்றேன். "நீங்க பாடுங்க."

"எனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றார் அவர். "நான் பேஸு."