சொன்னால்தான் அடுத்த புத்தகம்

எங்கள் வீட்டுக்கு வந்த புத்தகங்களெல்லாம் கப்பல் எண்ணெய் மணத்தன. அட்டையைத் திறந்ததுமே மூக்கில் ஏறும் அந்த மணம் அச்சு மையையும் பழந்தாளையும் அமுக்கிவிடும். போதாக்குறைக்குப் பக்கத்துக்குப் பக்கம் கறுத்த பெருவிரல் அடையாளங்கள். திருகோணமலைத் துறைமுகத்தில், அப்பா வேலை செய்த "யாட்"டில், போர்க்கப்பல்களைப் பழுதுபார்த்த கைகள் பட்ட புத்தகங்கள் அவை. சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடான காலத்தில் யாரைக் குறை சொல்வது?

நாங்கள் வடமராட்சிக்காரர். உலக யுத்தம் தொடங்கித் துறைமுகத்தில் ஆட்கள் போதாமல் போனபோது அப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்தது. பாலையூற்றில் ஒரு சிறிய ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து அம்மாவையும் என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். அக்கம்பக்கத்தார் எங்களை "வந்தான் வரத்தான்" என்பார்கள். அப்பாவோடு வேலை செய்தவர்களும் அந்த வகைதான்: நாகபட்டினத்திலிருந்து ஒருவர், நாகர்கோயிலிலிருந்து இருவர், மட்டக்களப்பிலிருந்து ஒருவர். எல்லோரும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த தனியாட்கள். அடுப்பெரிகிற வீடு எங்களுடையது மட்டும்தான் என்பதால், ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் வந்து கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குப் "புத்தகக் கதை" என்று பெயர்.

புத்தகங்கள் அநேகமாக நாகபட்டினத்தாருடையவை. ஒரு தகரப் பெட்டி நிறைய நாவல்களோடு கப்பலேறி வந்த மனிதர் அவர். இரவல் கொடுப்பதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். வாங்கிப்போனவர் திருப்பிக் கொடுக்கும்போது, அதில் என்ன இருந்தது, யார் வாசிக்கலாம், எங்கே சறுக்கியிருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த புத்தகம். "சும்மா நல்லாருக்குன்னா ஒத்துக்க மாட்டேன் சார், ஏன் நல்லாருக்குன்னு சொல்லணும்" என்பார், பெட்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு.

அப்பா எங்கே வாசித்தார்! விடியப் போனால் "ஓவர்ரைம்" முடிந்து பொழுதுபட்ட பிறகுதான் வருவார். வந்தாலும் ஆகாயத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாதென்ற இருட்டடிப்புச் சட்டம், யன்னலெல்லாம் சாக்கு, குப்பி விளக்கைப் பாயின் மறைவில் வைத்துச் சாப்பிட வேண்டும். வாசித்தது அம்மா. பதினேழு வயதில் கலியாணம் முடித்து அப்பாவின் பெரிய வீட்டுக்குப் போனவர், அங்கே இருந்த வரைக்கும் வெறுங்கையோடு கால் மணித்தியாலம் இருந்து அறியாதவர். பாலையூற்றிலோ சொந்தம் இல்லை, பந்தம் இல்லை, "என்ன செய்யிறாய்?" என்று எட்டிப் பார்க்க ஒரு மாமி மச்சாள் இல்லை. சமைத்து, எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டால், அம்மாவுக்குத் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பகல் என்று ஒன்று கிடைத்தது. அதை முழுக்கப் புத்தகத்துக்கே கொடுத்தார்.

ஆனால் அடுத்த புத்தகம் வர வேண்டுமானால் அப்பா சொல்ல வேண்டுமே. சனிக்கிழமை பொழுதுபட்டதும் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் பாடம் நடக்கும்.

"இஞ்சேருங்கோ, நித்திரை கொள்ளாதேங்கோ. அவள் ஏன் வீட்டை விட்டுப் போனவள்? சொல்லுங்கோ பாப்பம்."

"அவன் அடிச்சதால."

"ஐயோ, அடிச்சது முந்தின புத்தகத்தில! இவன் ஒண்டுமே கதைக்கேல்லை. அதாலதான் போனவள்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டுவார். சோறு கையிலேயே காய்ந்துவிடும்.

மறுநாள் விறாந்தையில் அவர் கதிரையில் நிமிர்ந்திருந்து சொல்லத் தொடங்கினால், அம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் தேத்தண்ணிக் கேத்திலோடு நிற்பார். அப்பா பிழைவிட்டால் கேத்தில் மூடி ஒரு தரம் சத்தம் போடும். அப்பா உடனே செருமி, "இல்லை இல்லை, அது தங்கச்சிக்காரி" என்று திருத்திக்கொள்வார். ஒருமுறை, "அவளைக் கடைசியில் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தது எழுதினவரின்ரை பயம். அவளுக்குப் பயம் இல்லை" என்று அப்பா சொன்னதும் நாகபட்டினத்தார் தொடையில் தட்டி, "அடடா, சார் படிக்கிற படிப்பே வேற" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அவ்வளவு அழகாக என் அம்மா இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் காணவில்லை.

ஒரு கிழமை அப்பா இரவும் பகலுமாக வேலை செய்துவிட்டு வந்து, "நல்ல புத்தகம், எல்லாரும் வாசிக்கலாம்" என்று ஒற்றை வரியோடு முடித்துவிட்டார். சட்டம் சட்டம்தான், புத்தகம் கிடைக்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அம்மா சீனி சுற்றிவந்த கடதாசியை எல்லாம் நிமிர்த்தி வாசித்துக்கொண்டு, எங்கள் எல்லோரிலும் எரிந்து விழுந்தார். "உங்களுக்கு ரெண்டு சொல்லு மிச்சம், எனக்கு ஒரு கிழமை போச்சு" என்று அப்பாவுக்குச் சொன்னபோது அழுகிற மாதிரி இருந்தது.

சித்திரை வருஷப்பிறப்புக்கு நாலைந்து நாள் இருக்கையில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். காலை நேரம், அம்மா எங்களை இழுத்துக்கொண்டு பற்றைக்காட்டுக்குள் ஓடினார். சீனன்குடா எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை வானத்தை அடைத்தது. பின்னேரம் அப்பா கரிபிடித்த முகத்தோடு உயிருடன் வந்து சேர்ந்து, நிலத்தில் குந்தியிருந்து, "இனி உங்களை இஞ்ச வைச்சிருக்க ஏலாது. ஊருக்குப் போங்கோ" என்றார். நாங்கள் புறப்படும்போது நாகபட்டினத்தார் ஓட்டமும் நடையுமாக வந்து, புத்தகமொன்றை அப்பாவிடம் நீட்டாமல் அம்மாவிடம் நீட்டினார். "தங்கச்சி, படிச்சிட்டு ஒருநாள் நீங்களே சொல்லுங்க" என்றார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

ஊரில் பெரிய வீடு நிறைந்து கிடந்தது. கொழும்பிலிருந்து குண்டுக்குப் பயந்து வந்த உறவுகள் வேறு. பந்தி பந்தியாகச் சமையல், பாத்திரம், நெல்லுக் குத்து. ஒருநாள் அம்மா அந்தப் புத்தகத்தைத் திறந்துகொண்டு இருந்ததைக் கண்ட மாமி, அப்பாவின் தமக்கை, கோபமே இல்லாமல், "பிள்ளை, நீ இதோட இருந்தா உலை ஆர் வைக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அம்மா எழுந்து போனார். புத்தகம் பெட்டிக்குள் போனது.

மாரி கழிந்து அப்பா லீவில் வந்தார். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் போனதால், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தானே வாசித்துத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சமாளித்தாராம். அந்தப் பெருமையோடு, எல்லோரும் உண்டு முடித்துக் கடைசியாக அம்மா குசினியில் சாப்பிட இருந்த நேரம் பார்த்து, முன்னால் சப்பாணி கட்டி இருந்து ஒரு முழு நாவலைச் சொல்லத் தொடங்கினார். பெயர் ஒன்றும் பிழைக்கவில்லை. என்ன வடிவாகச் சொன்னார் தெரியுமா? பாதியில் பார்த்தால் அம்மா சுவரில் சாய்ந்து, சோற்றுக் கையோடு நித்திரை.

"அம்மா எந்த நாளும் இப்பிடியோ?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"ஓம் அப்பா."

செம்பை எடுத்து அம்மாவின் கையைக் கழுவிவிட்டார். அம்மா திடுக்கிட்டு விழித்து, "பிறகு?" என்றார். அப்பா வாயைத் திறக்குமுன் வீட்டின் முன்பக்கத்திலிருந்து மாமியின் குரல்: "பிள்ளை, ஆக்கள் வந்திருக்கினம், தேத்தண்ணி!" அம்மா எழுந்து போய்விட்டார்.

யுத்தம் முடிந்ததும், "திருப்பி அங்க வாறியே?" என்று அப்பா கேட்டார். "அங்க வந்து நான் என்ன செய்யிறது?" என்றார் அம்மா. கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். பிறகு சாகும்வரை அம்மா ஒரு புத்தகம் வாசித்து நான் காணவில்லை. குண்டு எங்கள் பாலையூற்று வீட்டுக் கூரையில் ஓர் ஓட்டைக்கூட உடைக்கவில்லை. பத்திரமான இடத்துக்கு அனுப்பித்தான் அம்மாவின் பகலைப் பறித்தோம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு எரியும்.

பாலையூற்று வீடு இருந்த இடத்தில் இப்போது வேறு கட்டடம். விறாந்தையில் இருந்தவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. நான் கனடாவில், எண்பதைத் தாண்டி, முழங்கால் வலியோடு இருக்கிறேன். இங்கும் ஊர்விட்டு வந்த நாங்கள் மாதமொருமுறை கூடி, வாசித்ததைச் சொல்லுவோம். வருகிறவர்களில் நிரோஷி என்றொரு பெண். இரண்டு வேலை, கைக்குழந்தை. அவளுடைய முறை வரும்போதெல்லாம், "நேரமில்லை அன்ரி" என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "போ, அந்த அறைக்குள்ள இருந்து வாசி. ஒருத்தரும் உன்னைக் கூப்பிடமாட்டினம்" என்பேன். சில மாதம் வாசிப்பாள். சில மாதம் போய்ப் பார்த்தால் உடுப்புக்கூட மாற்றாமல் நித்திரை. அப்போதும் ஒருவரையும் கிட்டப் போக விடாமல் கதவைச் சாத்திவிட்டு வருவேன்.