தாண்டிக்குளம் வரை போன பில்டர்கள்

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, உழவு இயந்திர உதிரிப்பாகங்கள் விற்கும் கடையில் கமலாசனி ஸ்டோர் கீப்பராக இருந்தாள். 1996இல் அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கலியாணம் செய்யவில்லை. ஊர் கிளிநொச்சிப் பக்கம். எண்பத்து மூன்று கலவரத்தில், கூட வேலை செய்த ஹலீம் அவளை மடவளையில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஐந்து நாள் ஒளித்து வைத்திருந்தார். அதன்பின் ஒரு வருடம் ஊரோடு இருந்தாள். வீட்டுச் செலவுக்கு வேறு வழியில்லாமல் மறுபடி கண்டிக்கே வந்து அதே கதிரையில் உட்கார்ந்தாள்.

எந்த உழவு மெசினுக்கு டீசல் வடிக்கிற எந்தப் பில்டர் என்று அவள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. கழற்றிய பழைய பில்டரை விவசாயிகள் கொண்டுவந்து காட்டினால், உள்ளே விரலை விட்டுத் தடவி, "உங்கட டாங்கியில தண்ணி நிக்குது" என்று சிங்களத்தில் சொல்லுவாள். மழைக் காலத்தில் டீசலில் தண்ணீர் சேரும் என்று புரட்டாசியிலேயே இரண்டு மடங்காக எடுத்து அடுக்கி வைப்பாள். சண்டையால் வடக்கே எந்த உதிரிப்பாகமும் போகக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்ட பிறகு, வாங்குகிறவரின் அடையாள அட்டை இலக்கத்தையும் அவளே எழுத வேண்டியிருந்தது.

அந்த வருடம் பங்குனியில் அண்ணன் தம்பிராஜாவின் கடிதம், இரண்டு மாதம் பிந்தி, பல கைகள் மாறி வந்தது.

"கமலா, மெசின் நிண்டு நிண்டு போகுது. டீசல் எங்கை? மண்ணெண்ணெயிலை ஒயில் கலந்து ஓடுறம். பில்டரைக் கழுவிக் கழுவி உள்ளை இருக்கிற தாள் கிழிஞ்சு போச்சு. உன்ரை அண்ணி இராஜகுமாரியின்ரை சீலையை நாலா மடிச்சு வடிச்சுத்தான் ஊத்துறன். ஏலுமெண்டால் ரண்டு பில்டர் அனுப்பு. அப்பாவை ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதும் இதிலைதான்."

அப்பா தியாகராஜாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விளங்காமல் கிடந்தது. வாசித்து முடித்துவிட்டுக் கமலாசனி நிமிர்ந்தாள். எதிரே அலுமாரியில் அதே பில்டர் தொண்ணூற்றுச் சொச்சம் பெட்டியோடு அடுக்கி இருந்தது.

உடனே பதில் எழுதினாள். எண்ணெய்ப் பீப்பாயை மூன்று நாள் அசைக்காமல் வைத்து மேல் எண்ணெயை மட்டும் எடுக்கச் சொன்னாள். கிழிந்த பில்டரைப் போடுவது போடாமல் விடுவதற்குச் சமம், பம்புக்குள் மண் போனால் மெசின் அதோடு முடிந்தது என்றும் எழுதினாள். எழுதும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அண்ணனுக்கு இது தெரியாதா?

இரண்டு பில்டருக்கு அனுமதி கேட்டுக் கொழும்புக்கு விண்ணப்பம் போட்டாள். வைகாசியில் பதில் வந்தது: மெசினைப் பாவிப்பவர் தன் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரி மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கச்சேரி தடைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை பத்மாதேவி அலுவலாக வவுனியா வந்து திரும்பப் போகிறார் என்று ஆனியில் செய்தி கிடைத்தது. அவரிடம் இரண்டு பில்டரைக் கொடுத்துவிடக் கமலாசனி இரண்டு நாள் லீவு எடுத்தாள்.

"தங்கச்சி, மிலிட்டரிக்காரன் லிஸ்ட்ல உள்ளதத்தான் பாப்பான். ஒங்கட மனசப் பாக்க மாட்டான்" என்றார் ஹலீம்.

"தெரியும் ஹலீம் நானா. கேட்டாவது பாக்கிறன்."

"அப்ப ஒளிச்சுக் கிளிச்சு வெக்க வாணாம். பில்லோட கொண்டுபோங்க."

வவுனியாவைத் தாண்டி, தாண்டிக்குளம் இராணுவச் சோதனைச் சாவடியில் வெயிலில் நீண்ட வரிசை. வழியனுப்ப வந்தவர்களையும் அன்று சோதனை மேசை வரை விட்டார்கள். மேசையில் சனத்திடம் பறித்த டோர்ச் பட்டரி, மெழுகுவர்த்தி எல்லாம் குவிந்து கிடந்தன. கமலாசனி பில்டர்களை எடுத்து வைத்துப் பில்லையும் அண்ணனின் கடிதத்தையும் காட்டினாள். இளம் அதிகாரி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். தன் தகப்பனிடமும் இதே மெசின் இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னான். அவளுக்குச் சட்டென்று நெஞ்சு குளிர்ந்தது. வயல் உழுகிற மெசின் என்றும், அப்பா படுக்கையில் என்றும் படபடவென்று சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டான். கேட்டுவிட்டுப் பட்டியலை அவள் பக்கம் திருப்பி, 'உதிரிப்பாகங்கள்' என்ற வரியில் விரலை வைத்தான்.

"அப்பிடியெண்டால் இந்த ரப்பர் வளையங்களையாவது விடுங்கோ மாத்தயா. டீசல் ஒழுகாமலாவது இருக்கும்" என்று ஐயா போட்டுக் கெஞ்சினாள்.

பில்டரோடு வரும், வளையல் அளவு ரப்பர். அவன் அதையும் பார்த்தான், பின்னால் நின்ற சிப்பாயையும் பார்த்தான். முடியாது என்று தலையை ஆட்டினான்.

"விடு பிள்ளை, பின்னாலை சனம் நிக்குது" என்று பத்மாதேவி அவள் கையைப் பிடித்தார். "அண்ணைக்குச் சொல்லுறன், நீ வந்தனியெண்டு."

பில்டர்களைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு கமலாசனி கண்டி பஸ் ஏறினாள்.

ஆடியில் கிளிநொச்சிப் பக்கம் சண்டை தொடங்கியது. வானொலியில் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடையில் வழக்கம்போல வியாபாரம் நடந்தது. ஆட்கள் வந்து பில்டர் கேட்டார்கள், அவள் எடுத்துக் கொடுத்தாள். ஒருநாள் தெல்தெனியாக்காரர் ஒருவர் நல்ல பில்டரைப் பார்த்து, இது சரியில்லை, வேறு காட்டு என்றபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஹலீம்தான் வந்து அவரைக் கவனித்து அனுப்பினார்.

ஐப்பசியில் அண்ணனின் கடிதம் வந்தது. அப்பாவையும் அயல் சனம் பதினாறு பேரையும் மெசின் இழுக்கும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டார்களாம். அக்கராயன் தாண்டும் முன் மெசின் நின்றதாம். பில்டரைக் கழற்ற, உள்ளே களிபோல் கறுப்புச் சேறு. வழித்துப் போட்டு, குழாயில் நின்ற எயாரை எடுத்து, கொஞ்ச தூரம் ஓடினதாம். பிறகு பம்பே பிடிக்கவில்லையாம். ஷெல் கிட்ட விழத் தொடங்க, மெசினை விட்டுவிட்டு அப்பாவைச் சைக்கிளில் இருத்திப் பிடித்தபடி நடந்தார்களாம். ஸ்கந்தபுரத்தில் ஒரு மரத்தடியில் மூன்றாம் நாள் அப்பா முடிந்துபோனார். "உன்னாலை என்ன செய்ய ஏலும், மனதிலை வைக்காதை" என்று முடித்திருந்தான்.

செத்தவருக்குச் சடங்கு செய்யும் முப்பத்தோராம் நாள் கூடக் கழிந்துவிட்டது. கமலாசனி அறைக்குப் போய்த் தலையில் தண்ணீர் வார்த்தாள். ஹலீமின் உம்மா ஆஸியா மடவளையிலிருந்து பஸ்ஸில் வந்து, பின்னேரம் வரை பக்கத்தில் இருந்துவிட்டுப் போனார்.

போர்நிறுத்த உடன்படிக்கை வந்து 2002இல் பாதை திறந்தபோதுதான் அவளால் ஊருக்குப் போக முடிந்தது. தம்பிராஜா கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அப்பா முடிந்த இடத்தைக் காட்ட அவளைச் சைக்கிளில் ஏற்றி ஸ்கந்தபுரத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே மரங்களைத் தறித்துக் குடிசைகள் போட்டிருந்தார்கள்.

"எந்த இடம் அண்ணை?"

அவன் அங்கும் இங்கும் நடந்தான். ஒரு கிணற்றடியில் நின்றான். பிறகு வேலிப் பக்கம் போனான்.

"இந்தப் பக்கமாத்தான் இருக்கோணும். அப்ப இந்தக் கிணறு இல்லை."

ஒரு வீட்டுப் பெண் வெளியே வந்து யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். ஒருவரையும் இல்லை என்றான் தம்பிராஜா. இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார்கள்.