மூணுக்குள்ள வரும் குதிரை

பந்தயத்தில் முதலில் வரப்போகும் குதிரையை எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. முதல் மூன்று இடங்களுக்குள் வருவதையாவது சொல்லிவிடலாம் என்று நான் நம்பித் தொலைத்தேன். குதிரைகளின் பழைய ஓட்டம், சுமக்கும் எடை, ஜாக்கி என்று எல்லாவற்றையும் போனிலிருந்த ஏஐயிடம் கொட்டி, எங்கள் கடத்தூர்ப் பேச்சிலேயே கேட்பேன்: "மூணுக்குள்ள வர்ற குதிரையச் சொல்லு."

அன்று பெங்களூரில் பந்தயம். நான் பொம்மிடி ஸ்டேஷன் பெஞ்சில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ஓட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் மனைவி கூப்பிட்டாள். ஏதோ கேட்டாள், ஏதோ சொல்லி வைத்தேன்.

ஏஐ சொன்ன குதிரை ஏழாவதாக வந்தது. ஆத்திரத்தோடு அதன் பதிலை மறுபடி படித்தேன். 'மூன்று மணிக்குள் ஓடவிருக்கும் குதிரை இது' என்று முதல் வரியிலேயே இருந்தது. இடத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்கிறாயே மடையா என்று திட்டி எழுதினேன். 'மன்னிக்கவும், தவறாகப் புரிந்துகொண்டேன்' என்றது. மரியாதைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

வீட்டுக்குப் போனபோது, மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச் சொல்லியிருந்த கூட்டத்துக்குத் தனியாகப் போய்த் திரும்பியிருந்தாள் மனைவி. என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"மூணுக்குள்ள வந்துருவீங்களான்னு போன்ல கேட்டேன். 'வரும், கண்டிப்பா வரும்'னீங்க."

நான் போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"எதுங்க வந்துச்சு?" என்றாள்.