தாய்லாந்து பாலிசியும் என் சர்க்கரையும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பீர்க்கன்கரணை வீட்டு டைனிங் டேபிளில் முப்பத்திரண்டு பக்கம் வந்து விழுந்தது. கதைப் புத்தகம் இல்லை. டிராவல் இன்ஷூரன்ஸ் விதிமுறைகள். பிரின்ட் எடுத்து, ஃபைல் போட்டு, மஞ்சள் ஹைலைட்டர் எல்லாம் தீற்றிக் கொண்டுவந்தவர் என் சம்பந்தி தணிகாசலம். வண்டலூரில் வீடு. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்.

விஷயம் இதுதான். என் மகள் நிவேதாவும் மாப்பிள்ளையும் பெங்களூரில் இருந்தபடியே இரண்டு வீட்டுப் பெற்றோருக்கும் தாய்லாந்து டூர் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நாலு பேர், ஐந்து நாள். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் பிள்ளைகள் பொறுப்பு. இன்ஷூரன்ஸை மட்டும் நான்தான் எடுப்பேன் என்று சம்பந்தி அடம்பிடித்து வாங்கிக்கொண்டார்.

சரி, எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? எடுப்பதற்கு முன்னால் படிக்க வேண்டுமாம். இதையெல்லாம் யாருங்க படிப்பாங்க என்று நான் வாயைக் கொடுத்திருக்கக் கூடாது. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அடுத்த ஒன்றரை மணி நேரம் எங்களுக்கு வகுப்பு.

எது எதற்கெல்லாம் கம்பெனி தரும் என்பது நாலு பக்கம். எது எதற்கெல்லாம் தராது என்பது பதினோரு பக்கம். சரியான லைசென்ஸ் இல்லாமல் வாடகை ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் கிடையாது. குடித்துவிட்டு விழுந்தால் கிடையாது. பாராசூட் கட்டிப் பறப்பது, கடலுக்கடியில் மீன் பார்ப்பது… தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. பையைக் கடற்கரையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய், பை காணாமல் போனால் கிடையாது. ஃபிளைட் லேட் என்றால் உண்டு. நாம் லேட் என்றால் கிடையாது.

என் மனைவி கலாவுக்கு இங்கே ஒரு சந்தேகம். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் டிராஃபிக்கில் மாட்டி ஃபிளைட்டை விட்டால்? அது நம்ம தப்பும்மா, சீக்கிரம் கிளம்பியிருக்கணும் என்றார் சம்பந்தி.

"ஜி.எஸ்.டி. ரோடு எப்படிங்க நம்ம தப்பாகும்?" என்றாள் கலா.

முப்பது வருடம் வகுப்பெடுத்தவர் அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பாடம் முடிந்து, சம்பந்தி தன் மொபைலிலேயே எல்லோருக்கும் சேர்த்து ஃபார்மை நிரப்ப ஆரம்பித்தார். பெயர், பாஸ்போர்ட் நம்பர், நாமினி. அப்புறம் வந்தது அந்தக் கேள்வி. பயணம் செய்பவர்களில் யாருக்காவது சர்க்கரை, பி.பி., இதய நோய் உண்டா?

நிமிராமலே கேட்டார். "நம்மள்ல யாருக்கும் அதெல்லாம் இல்லையே, சம்பந்தி?"

கலா அந்த நேரம் பார்த்து இட்லி எடுக்க உள்ளே போயிருந்தாள். "இல்லைங்க" என்றேன்.

வாசகர்களே, எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. என் முடி கொட்டிய கதையைக்கூட இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதியதில்லை. ஏன்? சம்பந்தி வீட்டில் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள்.

நிவேதாவைப் பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று தொடங்கிய கூத்து இது. அப்பனுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும் என்று நினைத்துவிட்டால்? உங்களுக்குச் சர்க்கரை உண்டா என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் நானே முந்திக்கொண்டு கேசரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அதற்கப்புறம் பின்வாங்க வழி ஏது? வண்டலூர் போகும்போதெல்லாம் சம்பந்தியம்மா வசந்தி கையால் காபி, இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு. தட்டில் மைசூர்பாகு வேறு. வீட்டுக்கு வந்ததும் கலாவிடம் திட்டு. மறுநாள் ஏரிக்கரையில் கூடுதலாக நாலு நடை. பத்து மாதமாக இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் சம்பந்தி அனுப்பிய பாலிசியை வாட்ஸப்பில் திறந்து பார்த்தாள் கலா. என் பெயருக்கு நேராக 'இல்லை'. அவள் பேசியதை இங்கே எழுத முடியாது. பேசி முடித்துவிட்டு கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் முன்னால் நீட்டினாள். சர்க்கரைக்கு எப்படியும் பெரிதாகத் தரப்போவதில்லை, பிறகு சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று போனை எடுத்த பெண்ணை மடக்கினேன்.

"சார், சொன்னீங்கன்னா சுகர் சம்பந்தப்பட்ட ட்ரீட்மென்ட்டுக்கு மட்டும்தான் லிமிட் வரும். மறைச்சீங்கன்னா, நாளைக்கு வழுக்கி விழுந்து கால் உடைஞ்சாகூட பாலிசியே கேள்விக்குறி ஆகலாம்."

இதைவிடத் தெளிவாக முப்பத்திரண்டு பக்கத்திலும் இல்லை. மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியுமாம். பாலிசி எடுத்தவர் மொபைலுக்கு ஓடிபி வருமாம். அனுப்புங்கம்மா என்று சொல்லிவிட்டு, என் போனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலிசி எடுத்தது நான் இல்லை என்பது உறைக்க அரை நிமிடம் ஆனது.

அதற்குள் வண்டலூரிலிருந்து கால் வந்துவிட்டது.

"சம்பந்தி, ஹெல்த் டிக்ளரேஷனை மாத்தறதுக்குன்னு ஒரு ஓடிபி வந்திருக்கு. ஃபிராடு பசங்க வேலையா இருக்கும். உங்களுக்கும் வந்தா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"ஃபிராடு பசங்க இல்லைங்க… நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு வருடம், கேசரி, காபி எல்லாம். பிறகு நிதானமாகக் கேட்டது அவர் குரல். "மேலே சொன்னதெல்லாம் உண்மைன்னு டிக் அடிச்சது நான்தானே, சம்பந்தி?"

வைத்துவிட்டார்.

அன்று முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாய்லாந்தாவது ஒன்றாவது? நாளைக்கு என் மகளை அந்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? உன் அப்பா மறைத்துத்தானே கட்டிக் கொடுத்தார் என்று கேட்டால், பாவம், அவள் என்ன செய்வாள்? வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை இருவரும் வந்தார்கள். சம்பந்தி கையில் அதே ஃபைல். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சம்பந்தியம்மா உட்காரவே இல்லை.

"அண்ணா, பத்து மாசமா என் கையால உங்களுக்குச் சர்க்கரை போட்டுக் கொடுத்திருக்கேன். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா நிவி என்னைத்தானே கேட்டிருப்பா, எங்கப்பாவுக்கு என்ன கொடுத்தீங்கன்னு? நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?"

மறைத்தால் ஆபத்து எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பழியை அந்த அம்மாள் தலையில் வைத்திருக்கிறேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிச்சிடும்மா என்றேன். வேறு என்ன சொல்ல?

பெண் பார்க்க வந்த அன்றைக்கே உள்ளதைச் சொல்லியிருந்தால் இந்தக் கல்யாணம் நடந்திருக்குமா? தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. நம்மில் பாதிப் பேர் நோயை மறைப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஃபார்ம் நிரப்புகிறாரே, அவரிடம்தான்.

சம்பந்தி ஃபைலைத் திறந்தார். திரும்பவும் போன், திரும்பவும் ஓடிபி. இந்த முறை என் பெயருக்கு நேராக 'உண்டு'. சர்க்கரையால் அவசர சிகிச்சை என்றால் ஒரு வரம்பு வரைக்கும், மற்றதெல்லாம் முழுசாக என்று திருத்திய பாலிசி வந்தது. ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"வேற ஏதாவது இருக்கா, சம்பந்தி? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

நான் கலாவைப் பார்த்தேன். சொல்லித் தொலைங்க என்பது போல் தலையாட்டினாள்.

"குறட்டை விடுவேன். ஹோட்டல்ல பக்கத்து ரூம் உங்களுதுதான்."

ஃபார்மில் அதற்குக் கட்டமே கிடையாது. ஆனாலும் சம்பந்தி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.