அந்தப் பெண்ணை எதற்காகச் சாகடிக்கிறார்கள்?

என் மகள் தமிழில் யாரையும் "நீங்க" என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழ் எங்கள் இரண்டு பேரிடமிருந்து வந்தது. அம்மாவும் "நீ", அப்பாவும் "நீ". வாசலைத் தாண்டினால் இந்தி, மராத்தி. படிப்பு ஆங்கிலத்தில். அதனால் அந்தச் சனிக்கிழமை மதியம் அவளுடைய அறைக்கு வெளியே நின்றபோது எனக்கு முதலில் உறைத்தது அந்த ஒரு சொல்தான்.

"நான் கதவைத் திறக்கல. நீங்க சொல்ற வரைக்கும் திறக்க மாட்டேன், பக்கா," என்றாள் உள்ளே. கொஞ்சம் இடைவெளி. "அம்மா பேங்க்ல இருக்காங்க. அவங்களுக்கு இது தெரியாது."

நான் நகரத்தின் கேம்ப் பகுதியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். அன்று காய்ச்சல் அடிப்பதுபோல இருந்ததால் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, லோக்கல் ரயில் பிடித்து எங்கள் ஆகுர்டி ஸ்டேஷனில் இறங்கி வந்திருந்தேன். சாவி போட்டுத் திறந்தது அவளுக்குக் கேட்கவில்லை. காதில் ஹெட்போன்.

என் கணவர் போசரியில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். போன மழைக்காலத்தில், முதல் ஷிப்டில், மெஷின் பக்கத்தில் நின்றபடியே சரிந்து விழுந்தார். நான் கேம்ப்பிலிருந்து போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு மகள் சிநேகிதிகளோடு வெளியே போவதை நிறுத்திவிட்டாள். வகுப்பு முடிந்தால் வீடு, வீட்டுக்கு வந்தால் அவள் அப்பாவின் கம்ப்யூட்டர். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிக்கொண்டிருந்த ஜாம்பி விளையாட்டை அவள் எடுத்துக்கொண்டாள். செத்தவர்கள் எழுந்து வந்து இருப்பவர்களைக் கடிக்கும் விளையாட்டு. அப்பாவை இழந்த பெண்ணுக்கு இது என்ன விளையாட்டு என்று எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது தடுக்கவும் மனம் வரவில்லை.

கதவைத் தட்டாமல் சமையலறைக்குப் போய் நின்றேன். எங்கள் கிளையில் ஒரு பெண் அடிக்கடி சொல்வாள்: இந்த விளையாட்டுகளுக்குள் வந்துதான் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள், முதலில் அண்ணன், மாமா என்று உறவு சொல்லிப் பேசுவார்கள், அம்மாவிடம் சொல்லாதே என்பார்கள் என்று. அதை நான் பாதி காதில்தான் வாங்கியிருந்தேன். இப்போது ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் வந்தது. எந்தக் கதவு? அவன் எப்போது திறக்கச் சொல்வான்? தமிழ் பேசுகிறவன், வயதில் பெரியவன், நான் வீட்டில் இல்லாத நேரம் தெரிந்தவன். எங்கள் கட்டடத்தில் தமிழர்கள் உண்டு. ஐடி கம்பெனிகளுக்கு வந்த பையன்கள் மேல்மாடியில் சேர்ந்து தங்கியிருந்தார்கள். அன்று மாலை லிப்டில் அவர்களில் ஒருவன் வணக்கம் சொன்னபோது நான் பதில் சொல்லவில்லை.

அவளிடம் நேராகக் கேட்டால் பொய் சொல்லுவாள், பிறகு ஜாக்கிரதையாகிவிடுவாள் என்று தோன்றியது. அடுத்த வாரம் ஒரு நாள் தாமதமாக வருவதாகக் கிளைக்குச் சொல்லிவிட்டு, அவள் டியூஷனுக்குப் போனதும் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். விளையாட்டு பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் திறந்தது. அவள் நிறுத்திவைத்த இடத்தில் நின்றது.

இடிந்த பள்ளிக்கூடம் ஒன்றின் சமையற்கூடம். சுவரோரமாகச் சிலர் படுத்திருந்தார்கள். ஒரு மூலையில் என் மகள் வயதில் ஒரு பெண், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு இரும்புக் கதவு. எனக்கு ஆடத் தெரியாது. எதையோ அழுத்தியதில் ஒரு பாத்திரம் உருண்டது. உடனே அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. திரையின் ஓரம் இருண்டது, இதயம் அடிக்கும் சத்தம் ஹெட்போனில் ஏறிக்கொண்டே போனது. படுத்திருந்தவர்களில் ஒருவன் எழுந்து, இவளால் நாம் எல்லோரும் சாகப்போகிறோம், விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றான். அவள்மேல் அம்புக்குறியை வைத்தால் ஒரு சிறு பெட்டி திறந்தது. அண்ணனை இழந்தவள். சத்தம் கேட்டால் பயப்படுவாள். பலவீனம்: துக்கம். பக்கத்தில் மாத்திரை படம், அதை அழுத்தினால் பயம் குறையும் என்று போட்டிருந்தது.

அழுத்தினேன். மூச்சு வாங்குவது நின்று சீரானது. அவ்வளவுதானா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. துக்கத்தைப் பசி, தாகத்தோடு சேர்த்து, ஏறி இறங்கும் ஒரு அளவுக்கோடாகத் திரையில் போட்டிருந்தார்கள். இதை யார் உட்கார்ந்து யோசித்தார்கள், அவர்கள் வீட்டில் யாராவது செத்திருக்கிறார்களா என்று நினைத்துக்கொண்டிருந்தபோது திரையின் கீழே ஒரு செய்தி எழுந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"சாமி, இன்னைக்கு டியூஷன் போகலையா?"

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புலியின் படமும் சில எண்களும் இருந்தன. பக்கத்தில் பச்சைப் புள்ளி. நான் சுவிட்சையே அணைத்துவிட்டேன். அவளுடைய டியூஷன் நேரம் அவனுக்குத் தெரிகிறது. அதைவிட, "சாமி." என் கணவர் கோயம்புத்தூர்க்காரர். மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அப்பா உன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று நைச்சியமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே சொல்லை அவள்மேல் பிரயோகிக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

மாலையில் அவள் ஷூவைக் கழற்றும்போதே கேட்டேன். யாரடி அவன் என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அது சித்தப்பா, மா."

நான் நம்பவில்லை. என் கணவரின் தம்பி எங்களோடு பேசுவதே இல்லை. தகனத்துக்கு வந்தவர், மறுநாள் எலும்பு பொறுக்கக்கூட நிற்காமல், யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனவர். காரியத்துக்கும் வரவில்லை. போன் எடுப்பதில்லை. உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஊரில் இருக்கும் வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளத்தான் அவ்வளவு அவசரம் என்றார் ஒருவர். நான் அதை அப்படியே நம்பியிருந்தேன். அப்படிப்பட்டவர் எனக்குத் தெரியாமல் என் மகளோடு எதற்குப் பேச வேண்டும்? வீட்டு விஷயமாக ஏதாவது கேட்டாரா என்றேன். அவளுக்கு நான் கேட்பதே புரியவில்லை.

அவள் தன் தமிழில், நடுநடுவே இந்தி கலந்து சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். அண்ணனும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து ஆடிய விளையாட்டு அது. அவர் போன பிறகு ஒரு நாள் இவள் முதல்முறையாக அதைத் திறந்திருக்கிறாள், அப்பாவின் கணக்கிலேயே. கோயம்புத்தூரில் சித்தப்பாவின் திரையில், செத்துப்போன அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்திருக்கிறது. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு, யாரோ அண்ணனின் கணக்கைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்து, யார் நீ, எங்கிருந்து எடுத்தாய், போலீசுக்குப் போவேன் என்று எழுதியிருக்கிறார். இவள் பயந்துபோய், நான்தான் என்று எழுதியிருக்கிறாள். அவர் நம்பவில்லை. அப்பாவுக்குப் பிடித்த பலகாரம் என்ன, ஊரில் நாய்க்கு என்ன பெயர் என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்திருக்கிறார்.

"அப்போ அந்தக் கதவு?" என்றேன்.

அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் விளையாட்டைத் திறந்து காட்டினாள். அந்த இரும்புக் கதவைத் திறந்தால் கதை அடுத்த கட்டத்துக்குப் போகும். வெளியே போன சற்று நேரத்தில் அந்தப் பெண் பயத்தில் கத்துவாள். ஜாம்பிகள் வந்து அவளைக் கொன்றுவிடும். மற்றவர்கள் ஆடியதை இணையத்தில் பார்த்து இதை முன்பே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"எவ்ளோ மாத்திரை குடுத்தாலும் கத்துவா, மா. எப்படி ஆடினாலும் சாவா. அவ செத்ததும் நமக்கு ஒரு புது பவர் வரும், கோபம்னு. அதுக்குத்தான் அவளை வெச்சிருக்காங்க."

"அதனால ரெண்டு பேரும் இங்கேயே உட்கார்ந்திருக்கீங்களா?"

"ஆமா. டப்பாவுல சாப்பாடு தேடுவோம், அவளுக்குக் குடுப்போம். அவ்ளோதான்."

மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணையும் பக்கத்தில் நின்ற என் பெண்ணையும் பார்த்தேன். உனக்கும் அப்படி மூச்சு வாங்குகிறதா, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவள் தோளைப் பிடித்தேன். அவள் குழப்பமாகப் பார்த்தாள்.

"அது நான் இல்ல, மா. சித்தப்பா."

எரிமேடைக்கு முன்னால் நின்றபோது அவருக்கு மூச்சு முட்டி, செத்துவிடப்போகிறோம் என்று தோன்றியிருக்கிறது. வெளியே ஓடிப்போய்ச் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். மறுநாளும் அங்கே போக வேண்டும் என்று நினைத்ததும் மீண்டும் வந்திருக்கிறது. அதனால் விடியும் முன்பே கிளம்பிவிட்டார். அதன்பிறகு ரயிலில் ஏற முடியவில்லை, லிப்டில் நுழைய முடியவில்லை, போன் மணி அடித்தாலே வியர்த்துவிடுகிறது. விளையாட்டில் அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோதெல்லாம் இவர் சட்டென்று இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போவதை மகள் கவனித்திருக்கிறாள். உங்களுக்கும் இப்படி வருமா என்று கேட்டிருக்கிறாள். அதுவரை அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

இதைக் கேட்ட பிறகும் என் சந்தேகம் முழுவதும் போகவில்லை. இது கதையாக இருக்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. உண்மையாகவே இருந்தாலும், பெரிய மனிதர் ஒருவர் தன் பயத்தையெல்லாம் கொண்டுவந்து ஒரு சின்னப் பெண்ணின் தலையில் இறக்கிவைக்கலாமா? அதை என்னிடமிருந்து மறைத்து வைத்தது ஏன்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஹெட்போனை நான் வாங்கி மாட்டிக்கொண்டேன். நான்தான் பேசுகிறேன் என்றேன். பச்சைப் புள்ளி அணைந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். அணையவில்லை.

"அண்ணி, உங்க முகத்துல முழிக்க எனக்குத் தைரியம் இல்லீங்க," என்றார் கடைசியில்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நின்றிருக்கலாமே, சொல்லிவிட்டாவது போயிருக்கலாமே என்றேன். என்னங்க சொல்றது, செத்தது அண்ணன், மூச்சு முட்டுதுன்னு நான் போய்ச் சொன்னா யாராச்சும் நம்புவாங்களா என்றார். வீட்டைப் பற்றி உறவுக்காரர் சொன்னதையும் கேட்டுவிட்டேன். அப்படியா பேசிக்கிறாங்க என்றார், அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்டதும் அதை மேலே தோண்டத் தோன்றவில்லை.

இரண்டு விஷயம் சொன்னேன். மகளிடம் சொல்வது எதுவானாலும் எனக்கும் தெரிய வேண்டும். இன்னொன்று, அவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவள் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறவள், உங்களுக்கு வைத்தியம் பார்க்க அவளால் முடியாது என்றேன். என் மகள் என்னை முறைத்தாள். அவர் சரிங்க என்றார். போவார் என்று நான் நம்பவில்லை. ஆனால் போனார். ஒவ்வொரு முறை போய் வந்ததும் எனக்கு ஒரு வரி அனுப்பினார். மாத்திரையும் கொடுத்தார்களாம். மாத்திரை போட்டதும் விளையாட்டில் ஆவதுபோலப் பட்டென்று சரியாகவில்லை, வாயெல்லாம் வறண்டு தூக்கம்தான் வருகிறது என்று ஒரு நாள் எழுதியிருந்தார்.

கதவைத் திறந்து பார்த்துவிடலாம் என்று முதலில் சொன்னது அவர்தான். மகள் வேண்டாம் என்றாள். பிறகு, நானும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி ஒத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் அவள் கட்டிலில் உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரில் அவர் பேச, கதவு திறந்தது. அவள் சொன்னது போலத்தான் நடந்தது. வராந்தாவில் பாதி தூரம் போவதற்குள் அந்தப் பெண் நின்று கத்தினாள். மகள் எவ்வளவு ஓடியும் கைக்கு எட்டவில்லை. எட்டக்கூடாது என்றுதான் செய்துவைத்திருக்கிறார்கள். திரை சிவந்தது. அந்தப் பெண்ணின் முகம் தரையில் கிடக்க, அதன் மேலேயே, புதிய சக்தி கிடைத்துவிட்டது என்று தங்க நிறத்தில் எழுத்துகள் வந்தன.

ஸ்பீக்கரில் மூச்சு வேகமாகக் கேட்டது. விளையாட்டுச் சத்தமா, அவருடையதா என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இருக்கறனுங்க அண்ணி," என்றார் சற்றுக் கழித்து. "அந்தப் புள்ள கத்துனது தப்பில்லீங்க. பின்னால ஒருத்தனாச்சும் திரும்பிப் பாத்திருக்கலாம்."

மகள் அழுதாள். அவள் அப்பா போனதிலிருந்து என் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. அந்தப் புதிய சக்தியை அவள் பயன்படுத்தவே இல்லை. விளையாட்டை அழித்துவிட்டாள். அப்பாவின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டாள்.

இப்போது வேறொன்று ஆடுகிறாள். அதிலும் ஜாம்பிகள்தான். சின்ன வயதில் யாராவது அதில் பயந்த முகத்தோடு வந்தால் நான் அருகில் போய் நின்றுவிடுகிறேன். இவனை எதற்குக் கொண்டுவருகிறார்கள், எந்தக் கட்டத்தில் பலி கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்கிறேன். மா, ஏதாவது ஒரு விளையாட்டையாவது நம்பு என்கிறாள். நம்புவதற்கு எனக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.

வருஷ திதிக்குச் சித்தப்பா வந்தார். ரயில் இன்னும் முடியவில்லை. பஸ்ஸில் பெங்களூர் வரை வந்து, சிநேகிதர் வீட்டில் ஒரு நாள் தங்கி, இன்னொரு பஸ் பிடித்து எங்கள் பக்கத்து வாகட் பாலத்தடியில் இறங்கினார். ஆள் இளைத்துப் பாதியாகியிருந்தார். எங்கள் மாடிக்குப் படியேறித்தான் வந்தார். மகளும் கூடவே படியேறினாள். மறுநாள் ஆளந்தியில் இந்திராயணி ஆற்றங்கரையில் திதி கொடுக்கும்போது, பாதியில் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார். புரோகிதர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். மகள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் ஆட்டோ பக்கத்தில் நின்றாள். பிறகு அவரே இறங்கி வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, மீதியைச் செய்து முடித்தார்.