பிரேக் இல்லாத முன்சீட்டு

என் அக்காவின் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். இருபத்தாறு வருடமாகப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே பழகிய மனிதர். பஸ்ஸில் போனாலும் மிதிப்பார். டிவியில் கார் வேகமாக வந்தால் சோபாவில் இருந்தபடியே மிதிப்பார். ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவர், கட்டிய மனைவியை மட்டும் ஒரே ஒரு நாள் கூட்டிப்போனார். தெருமுனை வருவதற்குள் பதினோரு தடவை மிதித்துவிட்டு, அவளுக்கு ரோடு சென்ஸே இல்லை என்று தீர்ப்புச் சொல்லி வண்டியைத் திருப்பிவிட்டார். அக்கா அதை மறக்கவே இல்லை.

இப்படிப்பட்டவரை நான்கு நாள் கயாக் படகுப் பயணத்துக்கு இழுத்துப் போனது நான்தான். அந்தப் பாவம் என்னையே சேரும். ஆள் நடமாட்டமில்லாத காட்டாறு, நடுநடுவே குகைகள், வழிகாட்டியோடு சேர்த்து ஆறு பேர், மூன்று படகு. ஒவ்வொன்றிலும் பின்னால் இருப்பவர்தான் காலால் சுக்கானைத் திருப்ப வேண்டும். எடை கூடியவர் பின்னால் உட்காரணும் என்றார் வழிகாட்டி. அத்தான் ஒல்லிக்குச்சி. அக்கா அப்படியில்லை.

முன்னால் ஒரு பாறை தெரிந்தால் போதும், அத்தானின் கால் உதைக்கும். அங்கே பிரேக் இல்லை என்றதும் துடுப்பைத் தண்ணீரில் குத்தி நிறுத்தப் பார்ப்பார். படகு குறுக்கே திரும்பிக் கவிழும். மூன்று நாளில் நான்கு தடவை. சாப்பாட்டு மூட்டை நனைந்து, ரொட்டியைப் பிழிந்து தின்றோம். ஒவ்வொரு தடவையும் கரையேறியதும் அக்கா திருப்பிய விதத்தைக் குறை சொல்வார். கெடுப்பதும் அவர், பஞ்சாயத்தும் அவர்.

கடைசிக் குகை அரைக் கிலோமீட்டர் நீளம், உள்ளே படகு குறுக்கே நின்றால் சிக்கிக்கொள்ளும் என்று வழிகாட்டி எச்சரித்தார். அத்தானைத் தன் படகுக்கு மாற்றிவிடுவதாகவும் சொன்னார். அத்தானின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

"அவர் என்கூடத்தான் வருவார்," என்றாள் அக்கா. "ஆனா கை, கால், வாய் மூணும் அசையக் கூடாது. முட்டாம வெளிய கொண்டாந்துட்டா எனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுக்கணும்."

எல்லோர் முன்னிலையிலும் அவர் தலையாட்ட வேண்டியதாயிற்று.

மறுநாள் குகைக்குள் அவர்களுக்குப் பின்னால் நான். ஒரு வளைவில் தலைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். அத்தான் இரண்டு கால்களையும் மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். கூரைப் பாறை அவர் தொப்பியைத் தட்டித் தண்ணீரில் தள்ளியது. எடுக்கக் கை நீளவில்லை. அடுத்து ஒரு பாறை நேருக்கு நேர் வந்தது. அவர் மூச்சு வாங்கும் சத்தம் குகை முழுக்கக் கேட்டது, அவ்வளவுதான். அக்கா நிதானமாக ஒதுங்கிப் போனாள்.

வெளியே வெயில். அத்தானுக்குக் கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை. அக்கா கைகொடுத்துத் தூக்கிவிட்டு, எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டாள்.

"என்கிட்ட வேணாம்மா," என்றார் அத்தான். "இந்தக் குகைக்கே எனக்கு உயிர் போயிடுச்சு. பக்கத்துத் தெரு ஸ்கூல்ல சேந்துக்க. நீ நல்லா ஓட்டுவ. எனக்குத்தான் பயம்."

அக்கா அங்கேயே சேர்ந்தாள். முதல் நாள் அத்தானே கொண்டுபோய் விட்டார். பின்சீட்டிலாவது உட்காரட்டுமா என்று கெஞ்சினார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.