கசப்புக்கு ஒரு சோதனை

வரிச்சிக்குடி சுப்ராயனுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால் வாங்கினால் மோந்து பார்ப்பார். பஸ் டிக்கெட்டில் தேதியைப் பார்ப்பார். அப்படிப்பட்டவரின் நிலவேம்பையே, 'சத்து இல்லை, வேறு தழை கலந்திருக்கலாம்' என்று மருந்து கம்பெனி திருப்பி அனுப்பினால் சும்மா இருப்பாரா?

முப்பது வருஷம் நெல் போட்ட கை. இந்த வருஷம்தான் ஒரு மா நிலத்தில் நிலவேம்பு விதைத்திருந்தார். திரும்பி வந்த சாக்கிலிருந்து ஓர் இலையை மென்றார். நாக்கே மரத்துப்போகிற கசப்பு. இதிலா சத்து இல்லை? கலப்படக்காரன் என்று ஊர் பேசுமே என்ற அவமானத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த அறுப்பும் தேறாவிட்டால் கம்பெனிப் பட்டியலிலிருந்து பெயரையே அடித்துவிடுவார்கள்.

முதலில் கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து பறந்து வரும் நிலக்கரித் தூசியைச் சந்தேகப்பட்டார். அப்புறம் சாக்கை ஏற்றிப்போன லாரிக்காரனை. கடைசியில், கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இருக்கும் தேவிகாவை. ஆள் பார்த்து முடிவு எழுதுகிறாள் என்று அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க, அந்தச் சாக்குத் தழையையே இரண்டு பொட்டலமாக, ஒன்றைத் தன் பெயரிலும் இன்னொன்றை மனைவி பெரியநாயகி பெயரிலும் அனுப்ப முடிவு செய்தார். பெரியநாயகியிடம் கட்டச் சொல்லிவிட்டு லாரிக்காரனை விசாரிக்கக் கிளம்பினார்.

முடிவு வந்தது. அவர் பெயரில் பாதிச் சத்து, அவள் பெயரில் முழுச் சத்து. தாள்களோடு காரைக்கால் சோதனைக்கூடத்துக்குப் பறந்தார்.

"ஒரே தழைக்கு எப்படிம்மா ரெண்டு முடிவு வரும்?"

தேவிகா இரண்டு பொட்டலத்திலும் மிச்சமிருந்த தழையை மேசையில் தனித்தனியாகக் கொட்டினாள். அவர் பெயரில் வந்ததில் விதைக்காய், பெரியநாயகி பெயரில் வந்ததில் மொட்டு.

"ஒரே அறுப்பு இல்லைங்க ஐயா. பூச்சி கடிக்காம இருக்கத்தான் செடி இந்தக் கசப்பை இலையில செஞ்சு வச்சுக்குது. மொட்டு விடுறப்ப நிறைய இருக்கும், விதை பிடிச்சா குறைஞ்சிடும். நாக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான், மெஷினுக்குத்தான் தெரியும். நீங்க எப்ப அறுத்தீங்க?"

"முத்தினப்புறம்தான். நெல்லைப் பச்சையா எவன் அறுப்பான்?" சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கேட்டார்.

"ஒரே சாக்குலேர்ந்துதானே கட்டச் சொன்னேன்?"

"மொட்டுல அறுக்கணும்னு கம்பெனி நோட்டீஸ்ல போட்டிருந்தத அன்னிக்கே படிச்சுச் சொன்னேன். எடை குறையணும்னு அவனுங்க பண்ற சூழ்ச்சின்னீங்க. அதான் வரப்போரம் நாலு செடிய அப்பவே அறுத்துக் காயவச்சிருந்தேன். என் பேருக்கு அதைக் கட்டினேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொன்னா நம்புவீங்களா?"

முப்பது வருஷத்தில் அவள் சொன்ன ஒன்றையாவது விசாரிக்காமல் ஏற்றதுண்டா என்று யோசித்தார். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

வயலில் அறுத்த கட்டைகள் துளிர்த்து மறுபடி மொட்டு விட்டிருந்தன. சுப்ராயன் அரிவாளை எடுத்தார்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?" என்று அவளைக் கேட்டார்.